மெஷின் நின்ற இடமெல்லாம் ஒரு சுழி

செவ்வாய்க்கிழமை காலையில் தனபால் அண்ணன் போன் செய்தார். நான் மெஷினில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை.

"இன்னாங்கண்ணா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றேன்.

சத்தமாகவே சொன்னார். "உங்க அக்கா போயிட்டாங்கம்மா."

அண்ணனின் மனைவி மரகதம் அக்காவுக்குக் காது மந்தம். அவரோடு குடும்பம் நடத்தி நடத்தி அண்ணனுக்கு எப்போதுமே உரத்த குரல்தான். அதனால் அந்தச் செய்தியை அவ்வளவு சத்தமாகக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்துகிறார் என்று. அப்புறம்தான் புரிந்தது. மெஷினை நிறுத்தினேன்.

கூடத்தில் என் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பார்வதியும் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். பார்வதி கை நின்றுவிட்டது. மாமியார் நிறுத்தவில்லை. "எந்த மரகதம்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மரகதம்தான். அது அவருக்கும் தெரியும்.

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மரகதம் அக்காவை ஊரில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்க, ஆதார் கார்டு நகல் எடுக்க, மனு டைப் செய்ய என்று போயிருப்பார்கள். அந்தக் கடையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ஈரவிறகு' பத்திரிகை வந்துகொண்டிருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நெசவாளி கூலி, சாதி, நிலம், பெண்கள் படும் பாடு என்று கட்டுரையும் கதையும் போடுகிற பத்திரிகை. ஏன் இந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஈர வெறகு சட்டுனு பத்திக்காது. ஆனா பொகைஞ்சிகினே இருக்கும். பக்கத்துல இருக்கறவங்க கண்ணைக் கசக்கிகினு எழுந்து வந்து என்னான்னு பாப்பாங்க. அது போதும்" என்றார்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அக்காவைப் பற்றி எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காரியம் முடிந்த பிறகு தனபால் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அவங்கல்லாம் எழுதுவாங்கம்மா. அக்காவோட கொள்கையைப் பத்தி எழுதுவாங்க. நீ அக்காவைப் பத்தி எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் அக்காவை முதலில் பார்த்தது ரேஷன் கார்டு நகல் எடுக்கப் போன அன்று. கடையில் கூட்டமில்லை. ஏதோ தாள்களைப் படித்துக்கொண்டிருந்தவர், என் கார்டை வாங்கி மெஷினில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நல்ல மழை. ஒருத்தன் வெளிய நின்னுகினு கதவைத் தட்றான். உள்ள ஒரு பொண்ணு தனியா கீது. தட்றவன் அவளோட சொந்த அண்ணன்தான். ஆனா அவ ஆசைப்பட்ட பையனை அடிச்சு ஊரை விட்டே தொரத்தினவன். இப்ப அவ கதவைத் தொறக்கணுமா, வேணாமா?"

எனக்குப் பதறிவிட்டது. "எந்தத் தெருவுல அக்கா?" என்றேன். அதற்குள் யாரோ அவசரமாக வந்து நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் பஸ் பிடித்துச் சேவூர் வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாளோ என்றே இருந்தது. மறுநாள் ஜல்தியாக வேலையை முடித்துக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல் மறுபடியும் கடைக்குப் போனேன்.

"தொறந்துச்சா அக்கா?"

"எது?"

"கதவு. அந்தப் பொண்ணு."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கதைம்மா. வெம்பாக்கத்துல ஒருத்தர் எழுதி அனுப்பிக்கிறாரு."

கதை என்று தெரிந்தும் எனக்கு விடத் தோன்றவில்லை. "சரி, கதையில தொறந்துச்சா?"

"கதையில தொறக்குது. அது சரியா தப்பான்னுதான் எனக்குத் தெரியல. நீ இன்னா சொல்றே?"

"தொறக்கக் கூடாது. ஜன்னல் வழியா ஒரு துண்டு கொடுக்கணும். தலை தொவட்டிக்கட்டும்."

அக்கா அப்படிச் சிரித்தார். வெம்பாக்கத்துக்காரருக்குப் போன் செய்து இந்தத் துண்டு விஷயத்தைச் சொன்னாராம். அதெல்லாம் வேண்டாம், கதவு திறந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம். அப்படியே அச்சாகி வந்தது. எழுதினவருக்குத்தான் உரிமை என்பது அக்காவின் சட்டம். எனக்கு மட்டும் அந்தத் துண்டு மேல் இன்று வரைக்கும் ஒரு ஆசை உண்டு.

அன்றைக்கே என் வீடு எங்கே, என்ன தொழில் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டே வீட்டு வாசலில் நின்றார்.

எங்கள் வீட்டில் உள் அறையில் தறி. அதில் என் வீட்டுக்காரர் நெய்வார். கூடத்தில் மோட்டார் வைத்த சின்ன மெஷின்கள் மூன்று. பட்டு நூலைப் பாபினில் சுற்றுவதற்கு. ஒன்று எனக்கு, ஒன்று மாமியாருக்கு. மூன்றாவது பார்வதியுடையது. அவள் வீட்டில் இடமில்லாததால் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாள்.

"யாருடி இது, லோன் குடுக்கறவங்களா?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

"கதை படிக்க வந்துக்கிறாங்க அத்தே."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நமக்கு இன்னாத்துக்கு? நாம இன்னா பரீட்சையா எழுதப் போறோம்?"

அக்காவுக்கு இது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் கரண்ட் போர்டு. அக்காவுக்குப் பின்னால், மாமியாருக்கு நேரே, நிலைக்கண்ணாடி. பையிலிருந்து ஒரு கதையை எடுத்தார். எழுதியவர் பேர் இருந்த இடத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்குப் படிக்கறேன்" என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். பத்திரிகைக்கு வரும் கதைகள் எல்லாம் முதலில் எங்கள் கூடத்துக்கு வந்தன. அக்கா படித்துக்கொண்டே இருப்பார், நடுநடுவே நிமிர்ந்து எங்கள் மெஷின்களைப் பார்ப்பார், சில இடத்தில் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போடுவார். அது என்ன என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கேக்கறவங்க 'அப்படியா', 'அடப்பாவி' அப்படின்னு ஏதாவது சொல்வாங்க இல்லே? எனக்கு அது காதுல விழாது. விசைத்தறி கொட்டாயில வேலை செஞ்ச காலத்துலயே பாதிக் காதை அங்க வெச்சிட்டு வந்துட்டேன். அதனால கையைப் பாக்கறேன். கதை புடிச்சா உங்க கை தானா மெஷினை நிறுத்திடுது. நின்ன எடத்துல ஒரு சுழி. ரெண்டு மெஷின் நின்னா ரெண்டு சுழி."

பார்வதி விடவில்லை. "நூல் அறுந்தாலும்தான் நிறுத்துவோம். அதுக்கும் சுழி போட்டுடுவீங்களா அக்கா?"

"நூல் அறுந்தா நீ மெஷினைப் பாப்பே. கதை புடிச்சா என்னைப் பாப்பே. எனக்குத் தெரியாதா?"

எங்கள் மூவரில் மாமியார் மெஷின் மட்டும் எந்தக் கதைக்கும் நின்றதில்லை. கதையில் குழந்தை சாகும், வீடு எரியும், போலீஸ் வரும். அவர் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பெரிய எழுத்தாளர்கள் கதையெல்லாம் அவரிடம் தோற்றுப் போயிருக்கிறது. அக்காவுக்கு இதில் ஒரே ஆச்சரியம். பஸ் ஏறும்போது என்னிடம் கேட்பார், "உங்க மாமியாருக்கு எதுதான் புடிக்கும் கோமதி?"

மாமியார் ஒன்றும் கேட்காதவர் போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு கதை முடிந்தது. வேலைநிறுத்தம் ஜெயித்து, கிழக்கே வெளுத்து, தொழிலாளிகள் நடந்து போகிறார்கள். மாமியார் சொன்னார்: "இவங்க கதை எல்லாமே காலையிலதான் முடியுது. சாயங்காலத்துல யாருக்கும் நியாயமே கெடைக்காதா?"

அக்காவுக்குக் கேட்கவில்லை. நான் கிட்டே போய்ச் சத்தமாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. கொஞ்ச காலம் 'ஈரவிறகு' கதைகளில் பொழுது விடியவே இல்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கதை வந்தது.

நெசவாளிகளுக்காகத் திருவண்ணாமலையில் ஒரு தர்ணா நடந்தது. வேனில் நாங்கள் பெண்களும் போனோம். தலைவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நல்லாத்தான் பேசினார்கள். ஆனால் பெண்கள் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. அதற்குப் பயந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்த பிறகு அந்தப் பாட்டிலே மனதில் நின்றது. ஒரு அம்மா. அவர் மடியில் ஒரு பாட்டில். அவர் ஒரு வாய் குடித்தாரா, குடித்தால் என்ன ஆகும்? மழையில் கதவைத் தட்டினவன் கதையைப் போல இதுவும் என்னைச் சோறு தின்ன விடவில்லை.

பத்திரிகையின் பின் அட்டையில் கதை அனுப்புகிறவர்களுக்கு விதிமுறை போட்டிருக்கும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும் என்று இருந்தது. இன்னொரு பக்கம் வீணாகத்தானே போகும் என்று மனசு கேட்கவில்லை. ஆனாலும் அப்படியே எழுதினேன். நகல் வைத்துக்கொள்ளவும் என்று இருந்தது. நகல் எடுக்க அக்கா கடைக்கே போனால் தெரிந்துவிடும். அதனால் முழுக் கதையையும் இரண்டாம் முறை கையாலேயே எழுதினேன். தபாலில் அனுப்பவும் என்று இருந்தது. ஆரணி போஸ்ட் ஆபீசில் தபால் தலை ஒட்டிப் போட்டேன்.

"வாராவாரம் வீட்டுக்கே வர்றவங்களுக்குத் தபால் இன்னாத்துக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"தபால்ல அனுப்பவும்னுதானே போட்டுக்குது."

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வேறு வேறு கதைகளைப் படித்தார், டீ குடித்தார், போனார். தபால் தொலைந்துவிட்டதோ, கையெழுத்துப் புரியவில்லையோ என்று நான் குழம்பிப் போனேன். கேட்கவும் வெட்கம்.

மார்கழி மாதம். குளிர் என்பதால் ஃபேன் போடவில்லை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார், பேர் மறைத்த ஒரு கதையை எடுத்தார், "வேன்ல ஏறி உட்கார்ந்ததுமே காந்திமதி பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்" என்று படித்தார்.

என் வாக்கியம். அடுத்தவர் வாயிலிருந்து வந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, அறுந்து போகாத நூலை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். மாமியார், "இது யாரு, நம்ம ஊர்க்காரி போலக்கீதே" என்றார். நான் நிமிரவே இல்லை.

கதையில் அந்த அம்மா மேடைப் பக்கம் எழுந்து போய், பேசிக்கொண்டிருக்கிற தலைவரைப் பார்த்து, "தோழர், பொம்பளைங்க ஒதுங்க எடம் எங்க?" என்று மைக்கில் விழுகிற மாதிரி கேட்கும் இடம் வந்தது. சரியாக அந்த இடத்தில் மூன்று மெஷினும் நின்றன.

கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் நாங்கள் உடனே அவரவர் மெஷின் சுவிட்சை அணைத்துவிடுவோம். இல்லாவிட்டால், திரும்பி வரும்போது மெஷின் திடுக்கென்று இழுத்து நூல் அறுந்துவிடும். சுவிட்சுகள் டக் டக்கென்று அணைந்தன. அக்கா பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனார். பென்சிலை எடுத்துச் சுழி போடுவதை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. "டீ போடறேன்" என்று சமையல் அறைக்கு ஓடிவிட்டேன். அங்கே அக்காவின் குரல் மட்டும் கேட்டது, உள்ளே தறிச் சத்தமும் கேட்டது. தறிக்குக் கரண்ட் வேண்டாமே. நான் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது கதை முடிந்திருந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா டீயைக் குடித்தார். "இஞ்சி போட்டியா?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டார்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது திடீரென்று கேட்டார். "அந்தக் காந்திமதி வேன்ல ஜன்னலோரமா உக்காந்தாங்களா, நடுவுலயா?"

"நடுவுல அக்கா. ரெண்டு பக்கமும் ஆளு. அதனாலதான் இன்னும் கஷ்டம்" என்று யோசிக்காமல் சொன்னேன்.

"சரி."

"அதை எழுதணுமா அக்கா?"

"வேணாம். உனக்குத் தெரிஞ்சிருக்கான்னு பாத்தேன். தெரிஞ்சிருந்தா போதும்."

கதை தேர்வாகிவிட்டது என்று அக்கா எனக்குச் சொன்ன விதம் இதுதான்.

இதனால் அவர்கள் வீட்டில் சண்டையே நடந்தது என்று தனபால் அண்ணன் பின்னால் சொன்னார். அண்ணன் சங்கத்துக்காரர். அந்தத் தர்ணாவில் பேசினவர்களில் அவரும் ஒருவர். "நம்ம பத்திரிகையில நம்மையே கேலி பண்றதா? எதிராளி படிச்சா இன்னா சொல்லுவான்?" என்று கேட்டாராம்.

"எதிராளிக்கும் மூத்திரம் வரும் தோழர்" என்றாராம் அக்கா. வீட்டிலும் ஒருவரை ஒருவர் தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"போராட்டம் பெரிசா, இது பெரிசா?"

"ரெண்டுக்கும் எடம் வேணும். போராட்டத்துக்கு நீங்க எடம் பாத்துட்டீங்க. இதுக்கு அந்தப் பொம்பளை கேக்கறா."

கதை என் பேரோடு வந்தது. கோமதி, சேவூர். ஒரு வாசகர் இது இயக்கத்தை அவமானப்படுத்துகிறது என்று எழுதினார். அதையும் அக்கா அடுத்த இதழில் போட்டார். ஆனால் அடுத்த தர்ணாவுக்கு மேடை போடும் முன்னால், பக்கத்தில் பெண்கள் போக எந்த வீடு, எந்தக் கடை என்று விசாரித்து வைத்தவர் தனபால் அண்ணன்தான். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

கதை வந்த சந்தோஷத்தில் அண்ணன் என்னிடம் சொன்னார். "உன் கதைக்கு மூணு சுழியாம்மா! அதுல உங்க மாமியார் மெஷினும் நின்னுச்சாமே! தோழர் ஊரெல்லாம் சொல்லிகினு கீறாங்க."

மூன்று சுழி எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். கரண்ட் போன இடம். அக்காவுக்குக் காது கேட்காது. ஃபேன் ஓடவில்லை. பகல் வெளிச்சம். கரண்ட் போனது அவருக்கு எப்படித் தெரியும்? என் கதை பிடித்துப் போய் மூன்று பேரும் நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டாரோ? அப்படி என்றால் கதையைப் பத்திரிகையில் போட்டது அக்காவா, மின்சார வாரியமா?

பார்வதியைக் கேட்டேன். "கரண்ட் போச்சா அன்னிக்கு? ஞாபகமில்லடி. அந்தம்மா மைக்குல கேட்டாங்களே, அதான் ஞாபகம் கீது" என்றாள். வீட்டுக்காரரைக் கேட்டேன். "என் தறி ஓடிச்சு. எனக்கு இன்னா தெரியும்?" என்றார். மாமியாரைக் கேட்டேன். "கரண்ட் போச்சு, நின்னுச்சு. பின்னே உன் கதைக்கா நிறுத்துவாங்க?" என்றார்.

அக்காவை மட்டும் கேட்கவில்லை. கேட்டால், ஒருவேளை அவருக்குத் தெரியாமல் இருந்தால், நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் இல்லையா? அக்கா, "அடுத்த கதை எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் தறிக்குப் புதுப் பாவு வந்திருக்கிறது, பண்டிகை வருகிறது, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்தேன். உண்மையில் பேனாவை எடுத்தாலே அந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு எழுத வருகிறதா, இல்லை அன்றைக்குக் கரண்ட் போனதா? வருஷங்கள் போய்விட்டன. இரண்டாவது கதை வரவில்லை.

போன வருஷம் அக்காவுக்கு இதயத்தில் கோளாறு என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு, "ஏம்மா, டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனா முதல்ல இன்னா செய்வே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். கால் வீக்கம் வடியாமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். கண் மட்டும் அதே கண். காதுக்குப் பின்னால் பென்சில் இல்லாதது எனக்கு என்னவோ போல இருந்தது.

இப்போது கேட்காவிட்டால் எப்போது என்று தோன்றியது. கிட்டே குனிந்து கேட்டேன். காதில் விழவில்லை. சத்தமாகக் கேட்டேன். "இன்னா?" என்றார். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "என் கதையைப் போட்டது கரண்ட் போனதுனாலயா அக்கா?"

முன் அறையில் அக்காவைப் பார்க்க வந்திருந்த சங்கத்துத் தோழர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அக்கா சிரிக்கவில்லை. "இதைக் கேக்க இவ்ளோ வருஷமாச்சா உனக்கு?" என்றார். "கரண்ட் போனது எனக்குத் தெரியாதா? காதுதான் மந்தம், கண்ணு இல்ல. உங்க போர்டுல செவப்பு லைட்டு ஒண்ணு எரியும். எனக்கு நேர் எதிர்ல. உங்களுக்கெல்லாம் அது முதுகுப் பக்கம். லைட்டு நின்னுச்சு, மெஷினும் நின்னுச்சு. அதுக்குச் சுழி போடுவேனா?"

"போட்டீங்களே அக்கா, நான் பாத்தேனே."

"அதுக்கு ஒரு நொடி முன்ன பார்வதி மெஷின் நின்னுச்சு. நீ குனிஞ்சிகினு இருந்தே. அந்த ஒண்ணுதான் நீ பாத்தது. அப்புறம் நீ டீ போட ஓடிட்டே. கொஞ்ச நேரத்துல லைட்டு எரிஞ்சுது. கரண்ட் வந்துடுச்சு. நான் படிச்சிகினே பாத்தேன். ஒருத்தரும் சுவிட்ச் போடல. உன் மாமியாருக்கு என் பின்னால நெலைக்கண்ணாடி. லைட்டு எரியறது அதுல தெரியுது. கை சுவிட்சு மேலயே கீது. போடல. கதை முடியற வரைக்கும் போடல. அதுக்குத்தான் மீதி ரெண்டு சுழி, ஆளுக்கு ஒண்ணு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊரையெல்லாம் கேட்டியாமே. என்னை ஏன் கேக்கல?" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, அடுத்தது எங்க?" என்றார்.

"எழுதறேன் அக்கா" என்றேன். இந்தத் தடவை சாக்குச் சொல்லவில்லை. எழுதவும் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை போன் வந்துவிட்டது.

கடைசியாகப் பார்க்க எல்லோரும் போனோம். வீட்டு வாசலில் ஒரு பக்கம் சொந்தக்காரர்கள், ஒரு பக்கம் கொடியோடு தோழர்கள். என் மாமியார் அக்கா வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "காதுல பஞ்சு வெச்சுக்கிறாங்களே. இவளுக்குத்தான் ஏற்கெனவே கேக்காதே. அது இன்னாத்துக்கு?"

இதுவரைக்கும் எழுதி அண்ணனுக்குத் தபாலில்தான் அனுப்பினேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதினேன். இனி வருவது, போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை தனபால் அண்ணன் சேவூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். என் பேரைத் துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். யார் எழுதியது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. பென்சிலைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளத் தெரியாமல் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவரும் அக்காவைப் போலவே உரக்கப் படித்தார். அவர்கள் வீட்டு வழக்கம். நான் இந்தத் தடவை சமையல் அறைக்கு ஓடவில்லை. போர்டு தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். சிவப்பு லைட்டு எரிந்துகொண்டிருந்தது.

பென்சில் சுழியைப் பற்றி வரும் இடத்திலேயே பார்வதி மெஷின் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வரும்போது நான் நிறுத்தினேன். மாமியார் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பஞ்சு விஷயம் வந்தபோது அண்ணன் குரல் உடைந்தது. அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. படித்து முடித்துவிட்டு அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, உங்களுக்குப் புடிக்கலியா?" என்று மாமியாரைக் கேட்டார்.

மாமியார் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் அவர் மெஷினைப் பார்த்தேன். நூல் எப்போதோ அறுந்து போயிருந்தது. பாபின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

நூல் அறுந்தால் மெஷினைப் பார்ப்போம், கதை பிடித்தால் உங்களைப் பார்ப்போம் என்று சொன்னீர்களே அக்கா. அறுந்தது தெரியாமல் மெஷினையும் ஓட்டிக்கொண்டு படிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு என்ன குறி போடுவீர்கள்? அண்ணனுக்குத் தெரியவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. தாளின் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டோம். அந்த இடம் உங்களுக்கு.